பாலத்துக்கு அந்தப் பக்கம் வராத தண்ணீர்

எம்.ஏ., பி.எட். முடித்து, ஆசிரியர் தகுதித் தேர்விலும் தேறி, வேலை உத்தரவு வரும் என்று காத்திருந்தபோது எனக்குக் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை குவைத்தில் இருக்கிறார், நிலபுலம் உண்டு, பொண்ணு வேலைக்குப் போவதை யாரும் தடுக்க மாட்டார்கள் என்று தரகர் சொன்னார். யாரும் தடுக்கவில்லைதான். உத்தரவுதான் வரவில்லை. இரண்டு மாத விடுப்பு முடிந்ததும் கணவர் திரும்பிப் போய்விட்டார். பரமக்குடிப் பக்கத்திலிருந்து வந்த நான், இராமநாதபுரத்துக்கும் உச்சிப்புளிக்கும் நடுவில், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் இந்த ஊரில் மாமாவோடும் அத்தையோடும் இருந்துகொண்டேன். மாமா என்றால் மாமனார், அத்தை என்றால் மாமியார்.

அந்த வீட்டில் என்னை யாரும் ஒரு சொல் கடிந்து பேசியதில்லை. மாமா 'ஆத்தா' என்றுதான் கூப்பிடுவார். நான் எழுந்து வருவதற்குள் அத்தை பாதிச் சமையலை முடித்திருப்பார். ஆனால் கடைக்குக் கிளம்பினால், "எதுக்குத்தா நீ போற, ஆளை விட்டு வாங்கிக்கிருவோம்" என்பார்கள். இராமநாதபுரம் போக வேண்டுமென்றால் அத்தை கூட வர வேண்டும். அத்தை வர மாமா சரி சொல்ல வேண்டும். மாமாவைப் பார்க்க அன்றைக்கு யாராவது வந்துவிடுவார்கள், வந்தவர்களுக்குக் காப்பி போட வேண்டும், பயணம் தள்ளிப்போகும். மொட்டைமாடியில் நின்றால் கருவேலங்காட்டுக்கு அப்பால் கடல் ஒரு கோடாகத் தெரியும். அவ்வளவு பக்கத்தில் இருந்தும், வந்த மூன்று வருடத்தில் அதில் ஒரு தடவைதான் கால் நனைத்தேன். அதுவும் ஆடி அமாவாசைக்குக் குடும்பத்தோடு போனபோது. திட்டினால் பதிலாவது சொல்லலாம். பாசமாக உட்காரவைத்தால் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. இதற்குள் மகளும் பிறந்துவிட்டாள்.

அப்போதுதான் ஊர்ப் பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியை ஒருநாள் வீட்டுக்கு வந்தார். எழுதப் படிக்கத் தெரியாத பெண்களுக்கு வகுப்பெடுக்க அரசாங்கத் திட்டம் ஒன்று வந்திருக்கிறது, சம்பளம் கிடையாது, பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு சாயங்காலம் ஒரு மணி நேரம் போதும் என்று மாமாவிடம் சொன்னார். மாமா இரண்டு முறை ஊராட்சித் தலைவராக இருந்தவர். இப்போது பதவி இல்லாவிட்டாலும் அவரைக் கேட்காமல் ஊரில் எதுவும் நடக்காது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "நம்ம வீட்டுப் பிள்ளை நாலு பேருக்கு எழுத்துச் சொல்லிக் குடுத்தா நல்லதுதான்" என்றார். என்னிடம் யாரும் கேட்கவில்லை. அடுப்படியில் நின்று நான் அதைக் கேட்டேன். ஊற்றிக்கொண்டிருந்த காப்பி டம்ளருக்கு வெளியே சிந்தியது.

வகுப்புக்கு வந்தவர்கள் எல்லாரும் கீழத்தெருப் பெண்கள். எங்கள் தெருவிலும் எழுத்துத் தெரியாத பெண்கள் உண்டு. "அவளுகளோட போய் உக்காரணுமாக்கும்" என்று ஒருத்தர் அத்தையிடம் சொன்னது என் காதில் விழுந்தது. கீழத்தெருக்காரர்கள் நூறுநாள் வேலை முடிந்து, வீட்டில் உலை வைத்துவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு வருவார்கள். அவர்களில் மூத்தவருக்கு ஐம்பது வயது தாண்டியிருக்கும். தண்ணீர்த் தள்ளுவண்டியைத் தள்ளித் தள்ளித் தோள் முன்பக்கமாக வளைந்திருந்தது. அவரோடு மருமகளும் வந்தாள். அவள் எட்டாவது வரை படித்தவள். எழுத்து மறக்கவில்லை, ஆனால் வாய்விட்டுப் படிக்கச் சொன்னால் தலையைக் குனிந்துகொள்வாள். மாமியாருக்குத் துணையாக வந்தேன் என்று சொல்லி ஓரமாக உட்கார்ந்துவிட்டாள்.

முதல் நாள் மூத்தவரைப் பார்த்து, "அக்கா, நீங்க இப்படி முன்னால வந்து உக்காருங்க" என்றேன். அவர் திரும்பித் தனக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தார். எங்கள் வீட்டுக் களத்து வேலைக்கு அவர் எத்தனையோ வருடமாக வருகிறவர். எங்கள் தெருச் சிறுவர்கள்கூட அவரை 'ஏய், இங்கன வா' என்றுதான் கூப்பிடுவார்கள்.

"என்னைய ஏந்தாயி அக்காங்குற? வீட்டுல கேட்டா உன்னையத்தான் வைவாக."

"வீட்டுல கேட்கட்டும். இங்கன அக்காதான்."

அவர் முன்னால் வந்தார். ஆனால் தரையில்தான் உட்கார்ந்தார். எல்லாரும் தரையில் இருந்தார்கள். நான் மட்டும் நாற்காலியில் இருப்பது கூச்சமாக இருந்ததால் நானும் கீழே உட்கார்ந்துகொண்டேன். அதுவும் அவர்களுக்குச் சங்கடமாக இருந்தது. கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நகர்ந்தார்கள்.

திட்டத்தில் கொடுத்த புத்தகத்தில் படம், மரம், பட்டம் என்று வரிசையாக இருந்தது. நான் சொல்வேன், அவர்கள் திருப்பிச் சொல்வார்கள். நாள் முழுக்கக் கண்மாய்க்கரையில் மண் வெட்டிவிட்டு வந்தவர்கள். பாதிப் பேருக்குக் கண் சொக்கும். ஒருநாள் அந்த மூத்தவர், நான் பெரிய அக்கா என்று கூப்பிடுகிறவர், பலகையை மடியிலிருந்து இறக்கி வைத்தார். அன்றைக்கும் 'அக்கா' என்று கூப்பிட்டதற்கு முகத்தைத் திருப்பிக்கொண்டவர்தான்.

"தாயி, தப்பா எடுத்துக்காத. பட்டம் எழுதி நான் என்ன செய்யப்போறேன்?"

எனக்கு அடி விழுந்த மாதிரிதான் இருந்தது. பி.எட். படித்தபோது பேசிப் பேசிப் பாடம் நடத்துவதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். ஒருநாளும் செய்து பார்த்ததில்லை. வேறு எதுவும் தோன்றாமல், "அப்போ எந்த வார்த்தை எழுதலாம்? நீங்களே சொல்லுங்க" என்றேன்.

உச்சிப்புளி விமானத் தளத்திலிருந்து கிளம்பிய விமானம் ஒன்று தலைக்கு மேலே இரைந்துகொண்டு போனது. அது போன பிறகு பின்வரிசையில் யாரோ, "தண்ணி" என்றார்.

கரும்பலகையில் 'தண்ணீர்' என்று எழுதினேன்.

"நாங்க தண்ணினுதான சொன்னோம், நீ எதையோ கூடப் போட்ருக்கியே" என்று பெரிய அக்கா கேட்டார். அதைப் பற்றிச் சிரிப்பும் பேச்சுமாக இருந்தது. கடைசியில் 'தண்ணி' என்றே எழுதுவதென்று முடிவானது. அன்றைக்கு யாரும் தூங்கவில்லை.

மறுநாளும் தண்ணீரைப் பற்றியே பேசினோம். எங்கள் ஊரில் எல்லாக் கிணறும் உப்பு. குடிப்பதற்குக் காவிரித் தண்ணீர் குழாயில் வந்து மேல்நிலைத் தொட்டியில் ஏறுகிறது. தொட்டி எங்கள் தெருமுனையில் இருக்கிறது. அங்கிருந்து இறங்கும் குழாய் எங்கள் தெருவுக்குக் கொடுத்துவிட்டு, ஒரு சின்னப் பாலத்தைத் தாண்டிக் கீழத்தெருவுக்குப் போக வேண்டும். கீழத்தெருவிலும் குழாய் நட்டிருக்கிறார்கள். திருகினால் காற்றுதான் வரும். அதனால் அவர்கள் தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு பாலத்துக்கு இந்தப் பக்கம் இருக்கும் குழாயடிக்கு வந்து, எங்கள் தெருவில் எல்லாரும் பிடித்து முடிக்கும்வரை நிற்பார்கள். நான் மாடியிலிருந்து அதை எத்தனையோ நாள் பார்த்திருக்கிறேன்.

"பாலத்துக்கு அந்தப் பக்கம் தண்ணி ஏன் வரலை?" என்று கேட்டேன். பாடத்துக்காகத்தான் கேட்டேன்.

மேடு என்றார் ஒருத்தர். குழாய் எங்கோ உடைந்திருக்கும் என்றார் இன்னொருத்தர். அது தங்கள் தலைவிதி என்றார் ஒருத்தர். "மேடுன்னா மழைத்தண்ணி மட்டும் நம்ம தெருவுக்குத்தான வந்து நிக்கிது?" என்று பெரிய அக்கா கேட்டார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பிறகு கரும்பலகையைப் பார்த்தார்கள்.

"சொல்லுங்கக்கா, வேற என்ன காரணம்?"

"சொல்லலாம் தாயி. சொன்னதைக் கேட்டுட்டு நீ அந்த வீட்டுக்குத்தான திரும்பிப் போகணும்?"

எனக்குப் புரிந்தது. மாமா காலையில் செல்போனில் தொட்டி ஆப்பரேட்டரைக் கூப்பிடுவதும், "நம்ம தெருவுக்கு ஆயிருச்சுன்னா அடைச்சுரு" என்று சொல்வதும் அடுப்படியில் எனக்குத் தினமும் கேட்கிறதுதான். அந்தப் பெண்களுக்கும் அது தெரியும். எனக்குத் தெரியும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். யாரும் சொல்லாததால் நான் அங்கே டீச்சராக உட்கார்ந்திருக்க முடிந்தது.

"எங்க மாமா போன் பண்ணுனா வால்வை அடைச்சுர்றாங்க. அதான் வரலை" என்றேன்.

ஓரத்தில் இருந்த மருமகள் முதல் தடவையாகத் தலையை நிமிர்த்தி, "அடைக்கிறதுக்கு அவுகளுக்கு யாரு அதிகாரம் குடுத்தது டீச்சர்?" என்று கேட்டாள்.

தெரியாது என்று சொன்னேன். பிறகு அதைப் பற்றியே பேசினோம். தொட்டி யாருடைய காசில் கட்டியது, ஆப்பரேட்டருக்குச் சம்பளம் யார் கொடுப்பது, யாரிடம் போய்க் கேட்பது. அதற்கு வேண்டிய சொற்களை ஒவ்வொன்றாக எழுதினார்கள். வால்வு, ஊராட்சி, கிராம சபை. கிராம சபை என்றால் கையெழுத்து வாங்குகிற கூட்டம் என்றுதான் அவர்கள் நினைத்திருந்தார்கள். நூறுநாள் வேலைக்கு நடுவில் போய் ரேகை வைத்துவிட்டு வருவார்களாம். அங்கே யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம் என்றபோது சிரித்தார்கள்.

"கேக்கலாம். நாக்கு எந்திரிக்கணும்ல" என்றார் பெரிய அக்கா.

அதனால் பேசிப் பழகினோம். ஒருத்தர் அதிகாரி, ஒருத்தர் ஊராட்சிச் செயலர். மாமாவாக யார் இருப்பது என்று தயங்கியபோது பெரிய அக்காவே எழுந்துபோய் நாற்காலியில் உட்கார்ந்தார். முந்தானையைத் துண்டு மாதிரித் தோளில் போட்டுக்கொண்டு, காலை ஆட்டிக்கொண்டு, "என்னத்தா, என்ன வேணும் உங்களுக்கு?" என்று கேட்டார். அது அப்படியே மாமாவின் குரல். எல்லாரும் புரண்டு சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இந்த ஊருக்கு வந்து நான் அப்படிச் சத்தமாகச் சிரித்தது அன்றைக்குத்தான்.

பள்ளிக்கூட ஜன்னல் தெருவைப் பார்த்து இருக்கிறது. யார் சொன்னார்களோ, மறுநாள் மாமா என்னை முன் ஹாலுக்குக் கூப்பிட்டார். அன்று அங்கே வேறு யாரும் இல்லை. "உக்காருத்தா" என்றார். அந்த ஹாலில் நான் அதுவரை உட்கார்ந்ததில்லை.

"பள்ளிக்கூடத்துல நாடகமெல்லாம் நடக்குதாமே?"

நான் நாற்காலி நுனியில் உட்கார்ந்தேன்.

"எழுத்துச் சொல்லிக் குடுக்கத்தான உன்னைய அனுப்புனேன்?"

"எழுத்துதான் மாமா சொல்லிக் குடுத்தேன். தண்ணினு எழுதணும்னு அவங்கதான் கேட்டாங்க."

"அந்த லயன்ல பிரஷர் பத்தாது. தொறந்துவிட்டா நமக்கும் வராது, அவுகளுக்கும் வராது. இதெல்லாம் உனக்குத் தெரியாதுத்தா."

"ஒரு நாள் விட்டு ஒரு நாள் தொறந்தா..." என்று ஆரம்பித்தேன்.

மாமா ஜன்னல் பக்கம் பார்த்தார். "வெயிலு ரொம்ப அடிக்கிது. பிள்ளையும் சின்னப் பிள்ளை. இனிமே போக வேணாம்த்தா" என்றார். சாப்பிட்டாயா என்று கேட்கிற அதே குரல். அதோடு எழுந்து வெளியே போய்விட்டார்.

கணவர் போனில் கூப்பிட்டபோது எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தார். "அய்யா சொன்னா சொன்னதுதான். உனக்குத் தெரியாதா? நான் இங்கன இருந்துக்கிட்டு என்ன செய்ய?" என்றார்.

"நான் இங்கன இருந்துக்கிட்டு என்ன செய்ய?" என்றேன்.

அவருக்குப் பின்னால் ஏதோ மிஷின் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு மகளைப் பற்றி விசாரித்தார்.

தலைமை ஆசிரியை தேடிக்கொண்டு வந்தபோது, தன் மருமகளுக்கு உடம்புக்கு முடியவில்லை என்று மாமா சொன்னார். நான் நல்ல உடம்போடு அடுப்படியில் நின்று அதைக் கேட்டேன். வெளியே வந்து, எனக்கு ஒன்றுமில்லை என்று சொல்ல இரண்டு எட்டு வைத்தால் போதும். நான் வைக்கவில்லை. அதற்குப் பிறகு வந்த வாரங்களில் சாயங்காலம் பள்ளிக்கூட மணி அடிக்கும்போதெல்லாம் மகளைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போவேன். மாடியிலிருந்து குழாயடி தெரியும். பெரிய அக்கா வண்டியோடு நின்றுகொண்டிருப்பார். ஒருநாளும் மேலே பார்க்க மாட்டார். எனக்காகத்தான் பார்க்கவில்லை என்று பிறகுதான் தெரிந்தது.

ஒருநாள் பெரிய அக்காவின் மருமகள் கொல்லைக் கதவுப் பக்கம் வந்து முருங்கைக் கீரை கேட்டாள். நான் ஒடித்துக் கொடுக்கும்போது, "டீச்சர், கோரிக்கைக்குச் சின்ன ரவா, பெரிய றவா?" என்று மெல்லக் கேட்டாள்.

"சின்ன ர. எதுக்கு?"

"நாங்க தெனமும் உக்காருறோம், எங்க தெரு அங்கன்வாடியில. பேச்சை எங்க அத்தை ஆரம்பிக்கும். எழுதுறதுக்கு நான் இருக்கேன். உங்களைய வரச் சொன்னா உங்களுக்குத்தான் தொந்தரவுன்னு அத்தை சொல்லிருச்சு."

துணி காயப்போட்டுக்கொண்டிருந்த என் அத்தை இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் நின்றார். அவள் கிளம்பும்போது, "இந்தா, இதையும் கொண்டுபோ" என்று இன்னொரு கொப்பை ஒடித்துக் கொடுத்தார்.

சுதந்திர தினத்துக் கிராம சபை பள்ளிக்கூட மைதானத்தில் நடந்தது. நான் போகவில்லை. மாடியில் நின்றால் ஒலிபெருக்கி நன்றாகக் கேட்கும். அத்தையும் வற்றல் காயப்போடுகிறேன் என்று மேலே வந்தார். அதிகாரி வரவு செலவைப் படித்தார். கடைசியில், "வேற யாராச்சும் பேசணுமா?" என்று கேட்டார். மைக் கிறீச்சிட்டது. பெரிய அக்காவின் குரல்.

"நான் கீழத்தெரு..." என்று ஆரம்பித்து நின்றுவிட்டார். ஆண்கள் யாரோ சிரித்தார்கள். நான் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மருமகளின் குரல் வந்தது. நடுங்கியது, ஆனால் நிற்கவில்லை.

"எங்க தெருக் குழாயில தண்ணி வரலை. பாலம் வரைக்கும் வருது. அந்தப் பக்கம் ஏன் வரலைன்னு தெரியணும்."

பிரஷர் பிரச்சினை என்று அதிகாரி சொன்னார்.

"அப்போ ஒரு நாள் அந்தத் தெருவுக்கு, ஒரு நாள் எங்க தெருவுக்குன்னு விடலாம்ல சார்?"

மைக் இல்லாமலே மாமாவின் குரல் கேட்டது. "இதெல்லாம் யாரு உங்களுக்குச் சொல்லிக் குடுத்தது?"

அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"யாரும் சொல்லிக் குடுக்கலைய்யா" என்றார் பெரிய அக்கா. இந்தத் தடவை அவர் குரல் நிற்கவில்லை. "எங்களுக்குள்ள பேசிக்கிட்டோம். நாங்களும் தண்ணிதானய்யா குடிக்கிறோம்."

பிறகு நாலைந்து பெண்களின் குரல் ஒன்றாகக் கேட்டது. தீர்மானமாக எழுதச் சொன்னார்கள். எழுதியதை வாசித்துக் காட்டச் சொன்னார்கள். கீழே இறங்கும்போது அத்தை என்னிடம், "கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து அவுகளை எதிர்த்து ஒருத்தி பேசி இப்பத்தான் கேக்கேன்" என்றார். அது சந்தோசமா, பயமா என்று அவர் முகத்தில் எனக்குப் பிடிபடவில்லை.

சில வாரம் கழித்து இன்ஜினியர் ஒருவர் வந்து குழாயைப் பார்த்துவிட்டுப் போனார். அதன் பிறகு கீழத்தெருவுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர் வருகிறது. எல்லா வாரமும் அப்படி வருவதில்லை. சில வாரம் நடுவில் நின்றுபோகும். நின்றால் அவர்கள் கூட்டமாக ஆப்பரேட்டரிடம் போய்க் கேட்கிறார்கள். மாமா அடிக்கடி போன் செய்வதில்லை, அவ்வளவுதான். கீழத்தெருக்காரர்களைக் களத்து வேலைக்குக் கூப்பிடுவதையும் குறைத்துவிட்டார். வெளியூரிலிருந்து ஆள் வருகிறது. பெரிய அக்காவுக்கு அந்த வருமானம் போய்விட்டது. அதைச் சொல்லாமல் தண்ணீரை மட்டும் சொன்னால் பாதிதான் சொன்னதாகும். அங்கன்வாடி வகுப்பு அரசாங்கக் கணக்கில் மருமகளின் பெயருக்கு மாறியிருக்கிறது.

எனக்கு உத்தரவு இன்னும் வரவில்லை. வகுப்புக்குப் போகவும் விடவில்லை. மாமா சாப்பிட்டுத் தூங்கும் மதிய நேரத்தில் நானும் அத்தையும் அடுப்படியில் பேசிக்கொண்டிருப்போம். முதலில் கீழத்தெருக்காரர்களைப் பற்றிக் கேட்டார். என்ன பேசுவீர்கள், யார் ஆரம்பிப்பார்கள், ஒருத்தி சொன்னதை இன்னொருத்தி மறுத்தால் சண்டை வராதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பிறகு தன்னைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். சின்ன வயதிலேயே வெளியே போகாமல் வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்களாம். அவருடைய அம்மா ஏர்வாடிப் பக்கத்து ஊரில் உடம்பு முடியாமல் கிடந்தபோது, போகட்டுமா என்று கேட்கப் பயந்து கேட்காமலே இருந்திருக்கிறார். இறந்த தகவல் வந்த பிறகுதான் போனாராம். இதைச் சொல்லும்போது அழவில்லை. மீன் செதிலைச் சுரண்டிக்கொண்டே சொன்னார்.

போன மாதம் ஒருநாள் மாமாவுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தார் அத்தை. நான் ரசம் எடுத்துக்கொண்டு நிலைப்படிக்குப் போனபோது அத்தையின் குரல் கேட்டது.

"நம்ம மருமகளை அங்கன்வாடி வகுப்புக்குப் போக விட்டா என்ன?"

மாமா சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு அத்தையைப் பார்த்தார். "என்னத்துக்கு?"

"என்னத்துக்கு வேணாங்குறீகன்னு கேக்கேன்."

மாமா மறுபடியும் சாப்பிட ஆரம்பித்தார். நான் ரசக் கிண்ணத்தோடு நிலைப்படியிலேயே நின்றேன். அத்தை இன்னொரு கரண்டி சோற்றைப் போட்டுவிட்டு, அங்கேயே நின்றுகொண்டு திரும்பவும் கேட்டார்.